48 வெள்ளிக்கு ஃபைன் டைனிங் மதியச் சாப்பாடு: போய் வந்த அனுபவமும் சில கேள்விகளும்

செங்காங்வாசி

வணக்கம் நண்பர்களே. போன புதன்கிழமை மனைவியின் பிறந்தநாள். விடுப்பு எடுத்துக்கொண்டு, இங்கே சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் இருவரும் செட் லஞ்ச், அதாவது ஒரே விலையில் வரிசையாக வரும் மதியச் சாப்பாடு, சாப்பிட்டோம். இரவு போனால் அங்கே ஆளுக்கு 200 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கீழே எதுவும் கிடையாது. மதியத்தில் மூன்று வகை உணவு 48 வெள்ளி, பிளஸ் பிளஸ் (சேவைக் கட்டணமும் வரியும் தனி). ஐந்து வருடமாக அந்தக் கண்ணாடிக் கதவைப் பேருந்தில் இருந்தபடியே பார்த்துப் போயிருக்கிறேன். நமக்கும் அது திறக்கும் என்று தோன்றியதே இல்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உட்கார்ந்ததும் புளித்த மாவு ரொட்டி சூடாக வந்தது. பிய்க்கும்போது மேலோடு உடையும் சத்தம் கேட்டது. அப்புறம் காலிஃபிளவர் சூப். முதலில் கிண்ணத்தில் வறுத்த காலிஃபிளவர் நாலு துண்டும் கொஞ்சம் பருப்புத் துகளும் மட்டும் வைத்தார்கள். இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே பணியாளர் ஒரு சின்னக் கூஜாவிலிருந்து சூப்பை மேசையில் வைத்தே ஊற்றினார். நெய் காய்ச்சும்போது இறக்கப் போகிற நேரத்தில் ஒரு மணம் வருமே, அந்த மணம் எழுந்தது. வெண்ணெயைப் பொன்னிறமாகக் காய்ச்சிச் சேர்ப்பார்களாம். மனைவி கரண்டியைக் கையில் எடுக்காமல் கொஞ்ச நேரம் மோந்துகொண்டே இருந்தாள்.

அடுத்தது கொடுவா மீன். தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது, சதை ஈரம் குறையாமல் இதழ் இதழாக விலகியது. கூடவே பேர் பிளாங்க் என்ற வெண்ணெய்ச் சாறு. சின்ன வெங்காயத்தை வினிகரிலும் வெள்ளை ஒயினிலும் சுண்ட வைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துச் செய்வது. புளிப்பும் கொழுப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இனிப்புக்கு முன்னால் ஒருவர் வந்து சின்ன வளைந்த தகட்டால் மேசைவிரிப்பில் கிடந்த ரொட்டித் தூளை வழித்துக்கொண்டு போனார். 48 வெள்ளி கொடுத்தவர் மேசைக்கும் அந்தத் தகடு வருகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பில்லையும் சொல்லிவிடுகிறேன். 48 வெள்ளிக்குச் சேவைக் கட்டணம் 10 சதவீதம், ஆக 52.80. அதன்மேல் பொருள் சேவை வரி 9 சதவீதம், ஆக 57.55. இருவருக்கும் 115 வெள்ளி 10 காசு. குழாய்த் தண்ணீர் கேட்டோம், காசு வாங்கவில்லை.

இப்படிப் போய் வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். இவ்வளவு குறைத்துக் கொடுக்க அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னாலும் நல்லது.

ஜூரோங் ஷிஃப்ட்

அண்ணே, படிக்கும்போதே பசிக்கிறது. ஒரு கேள்வி. நான் ஜூரோங் தீவில் ஷிஃப்ட் வேலை. வார நாளில்தான் எனக்கு ஓய்வு வரும். அங்கே என்ன உடுத்திக்கொண்டு போகவேண்டும்? கோட் எல்லாம் என்னிடம் இல்லை. முள்கரண்டி, கத்தி பிடித்துச் சாப்பிட்டுப் பழக்கமும் இல்லை. தனியாகப் போனால் உள்ளே விடுவார்களா?

தேக்கா இலைச்சோறு

செங்காங்வாசி, உங்கள் மகிழ்ச்சியைக் குறைக்க இதை எழுதவில்லை. இருந்தாலும் 115 வெள்ளி என்பது ஊரில் ஒரு வீட்டின் மாத மளிகை. இங்கே ஹாக்கர் சென்டர் என்கிற உணவங்காடியில் 5 வெள்ளிக்குச் சிக்கன் ரைஸ் கிடைக்கிறது. 2016ல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் வழிகாட்டி முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு வந்தபோதே சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் சோயா சாஸ் கோழி விற்ற கடைக்கும், ஹில் ஸ்திரீட் தாய் ஹுவா நூடுல்ஸ் கடைக்கும் ஆளுக்கொரு நட்சத்திரம் கொடுத்தார்கள். 2020ல் நம் ஹாக்கர் கலாசாரத்தை யுனெஸ்கோவும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல சமையலைத் தேடிக் கண்ணாடிக் கதவுக்குள் போகவேண்டிய ஊர் இல்லை இது. நாற்பது வருடமாக ஒரே குழம்பை வைத்துவரும் கைக்கு நான் முதல் மரியாதை செய்வேன்.

செங்காங்வாசி

தேக்கா ஐயா, நீங்கள் சொல்வதில் ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன். வாரத்தில் ஆறு நாள் நானும் அந்தக் கைகள் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் ஹாக்கர் கடையில் ஒருவர் ஒரே பதார்த்தத்தை ஆயுள் முழுக்கச் செய்து கரைகண்டிருப்பார். இங்கே பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு தட்டை உருவாக்குகிறார்கள். அது வேறு வகைத் தேர்ச்சி. வருடத்துக்கு இரண்டு தடவை அதையும் பார்க்க ஆசை, அவ்வளவுதான். கச்சேரிக்கு டிக்கெட் வாங்குகிற மாதிரிதான் நான் இதை நினைக்கிறேன்.

ஜூரோங் தம்பி, காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி. நான் போனது அப்படித்தான். பக்கத்து மேசையில் ஒருவர் டீ-ஷர்ட்டில்கூட இருந்தார். அரைக்கால் சட்டையும் செருப்பும் மட்டும் வேண்டாம். தனியாகத் தாராளமாகப் போகலாம், நாங்கள் போன அன்றே இரண்டு பேர் தனியாகச் சாப்பிட்டார்கள்.

அடுப்படி

இந்த ஊரில் ஐரோப்பியச் சமையலறைகளில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். காய்கறி நறுக்குகிற வேலையில் தொடங்கி இப்போது சாஸ் பிரிவில் இருக்கிறேன். கட்டுப்படி ஆவது எப்படி என்று கேட்டீர்கள், அதற்கு என் பதில்.

கடை வாடகையும் மாதச் சம்பளமும் மதியம் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். இரவுச் சாப்பாட்டுக்காக நாங்கள் காலை ஒன்பது மணிக்கே உள்ளே வந்துவிடுவோம். எலும்புச் சாறு அடுப்பில் ஏறிவிடும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற பதத்தில் இருக்கவேண்டும். நேற்று வடித்து வைத்த சாறுதான் இன்று மதியத் தட்டுக்கும் போகிறது, இரவுத் தட்டுக்கும் போகிறது. ஆக அடுப்பும் ஆளும் ஏற்கெனவே தயார். மதியம் மேசையைக் காலியாகப் போட்டு வைப்பதைவிட, குறைந்த லாபத்தில் நிரப்புவது மேல்.

செட் லஞ்ச்சில் தேர்வு இரண்டோ மூன்றோதான். அதனால் எத்தனை மீன் வாங்கவேண்டும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியும், வீணாவது குறையும். இந்தத் தொழிலில் பொருட்செலவு விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பழைய கணக்கு. மதியத்தில் அந்தக் கணக்குக்குள் நிற்க ஒரே வழி, விலை குறைந்த பாகத்தை எடுத்துக் கூடுதல் நேரம் கொடுத்துச் சமைப்பது. இரவு டெண்டர்லாயின் (மாட்டின் மிக மென்மையான கறி) என்றால் மதியம் மாட்டுக் கன்னம். இரவு பிரான்சிலிருந்து விமானத்தில் வரும் மீன் என்றால் மதியம் நம் கடலோரப் பண்ணைக் கொடுவா.

சமையல்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். டெண்டர்லாயினை யார் சமைத்தாலும் மென்மையாகத்தான் வரும். கன்னத்தை ஆறு மணி நேரம் கவனித்துக் கரண்டியால் வெட்டுகிற பதத்துக்குக் கொண்டுவருவதில்தான் கை தெரியும். ஒரு சமையலறையை எடைபோட வேண்டுமென்றால் நான் மதியச் சாப்பாட்டுக்குத்தான் போவேன்.

'நேற்று மிஞ்சியதைத்தான் மதியம் தள்ளிவிடுகிறார்கள்' என்ற பேச்சை எங்கே போனாலும் கேட்கிறேன், மனது வருத்தப்படுகிறது. நான் வேலை செய்த எந்த இடத்திலும் அது நடந்ததில்லை. இரவு மீனைச் சதுரமாக வெட்டும்போது விழும் ஓரத்துண்டுகள் மறுநாள் மதியம் மீன் உருண்டையாகவோ சூப்பாகவோ வரும், அது உண்மை. மீன் தலைக் கறிக்குப் பேர்போன ஊரில் இதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. மதியத்தில் அடுப்பில் பெரும்பாலும் இளையவர்கள் நிற்பார்கள். எனக்கு முதன்முதலில் மீன் அடுப்பைக் கொடுத்ததும் ஒரு மதிய வேளையில்தான். ஆனால் தட்டு வெளியே போகும் இடத்தில் தலைமைச் சமையல்காரரோ அவருக்கு அடுத்தவரோ நிற்பார். தோல் நொறுங்கவில்லை என்றால் தட்டு திரும்பி வரும்.

செங்காங்வாசி

அடுப்படி அண்ணே, மிக்க நன்றி. அந்தக் கொடுவாத் தோலை யாரோ ஓர் இளைஞர் செய்திருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவருக்கும் என் நன்றி.

பினாங்குப் பொண்ணு

செட் லஞ்ச்சில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டதைச் சொல்கிறேன், மற்றவர்களுக்காவது உதவட்டும். கடையின் பெயர் வேண்டாம்.

அதுவும் 48 பிளஸ் பிளஸ்தான். 50 வெள்ளிக்குள் முடியும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பணியாளர் வந்து, "இன்று வாக்யூ நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். வாக்யூ என்பது விலை உயர்ந்த ஜப்பானிய வகை மாட்டுக்கறி. அதுவும் செட்டில் ஒன்று என்று நினைத்துச் சரி என்றேன். அட்டையில் அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'கூடுதல் 18' என்று இருந்திருக்கிறது. "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்று கேட்டார், ஸ்டில் என்றேன். அது பாட்டில் தண்ணீர், 6 வெள்ளி. மொத்தம் 72. சேவைக் கட்டணமும் வரியும் ஏறி 86 வெள்ளி 33 காசு. வரும் வழியெல்லாம் சாப்பாட்டின் ருசியே நினைவில் இல்லை, அந்தத் தொகைதான் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். பிளஸ் பிளஸ் என்று பார்த்தால் விலையோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வேன், கிட்டத்தட்டச் சரியாக வரும். தண்ணீர் கேட்டால், "டேப் வாட்டர் ப்ளீஸ்". சில இடங்களில் அதற்கும் சிறு கட்டணம் உண்டு, கேட்டுக்கொள்வது நல்லது. எதையாவது பரிந்துரைத்தால், "செட்டிலேயே அடங்குமா?" என்று கேட்பேன். முகம் சுளித்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. காபி செட்டில் உண்டா என்றும் பார்க்கவேண்டும், பல இடங்களில் அது தனி.

முன்பதிவு செய்யும்போது கார்டு எண் கேட்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் விட்டால் அதிலிருந்து பணம் எடுத்துவிடுவார்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்யலாம் என்பதைக் கட்டாயம் படியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் பினாங்கில் பிறந்த சமையல்காரர் மனோ தேவரின் சிங்கப்பூர் 'தேவர்' உணவகம் 2022ல் இரண்டு மிஷலின் நட்சத்திரம் வாங்கியபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். நம் மசாலா வாசனையோடு வளர்ந்த ஒருவர் அந்த இடத்துக்குப் போயிருக்கிறார் என்றால் அந்த மேசைகளில் நாமும் போய் உட்காரவேண்டும்.

சைவப்பிரியை

சைவக்காரர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு நேராகப் போய் உட்கார்ந்துவிட வேண்டாம். முன்பதிவிலேயே சொல்லுங்கள், குறைந்தது இரண்டு நாள் முன்னதாக. அன்றைக்குச் சொன்னால் ஒரு சாலட்டும் வேகவைத்த காயும்தான் வரும். முன்பே சொன்ன இடத்தில் எனக்குப் பீட்ரூட்டை உப்பு மாவுக்குள் வைத்துச் சுட்டு, மேசையில் உடைத்துக் காட்டி வெட்டிக் கொடுத்தார்கள். இன்னும் நாக்கில் நிற்கிறது.

'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறி சூப் என்பார்கள், அடியில் கோழிச் சாறு இருக்கும். பார்மேசான் சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்வது. பன்னா கோட்டா மாதிரி இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். முட்டை சாப்பிடுவீர்களா இல்லையா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். நான் இதையெல்லாம் ஐந்து வரியில் எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முன்பதிவிலும் அதை அப்படியே ஒட்டிவிடுவேன்.

அடுப்படி அண்ணா, இப்படி நீளமாக எழுதினால் உள்ளே எரிச்சல் படுவீர்களா?

அடுப்படி

இல்லவே இல்லை, சகோதரி. முன்னாலேயே தெரிந்தால் எங்களுக்கு அது ஒரு தனித் தட்டு, யோசித்துச் செய்யலாம். மேசையில் உட்கார்ந்த பிறகு தெரிந்தால்தான் திணறுவோம். உறைபொருள் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசி (அகர் அகர்) போட்டுச் செய்யலாம், ஆனால் அதன் அளவும் பதமும் வேறு, செய்து பார்க்க நேரம் வேண்டும், அதனால்தான் இரண்டு நாள்.

இதைப் படிக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன பேர் பிளாங்க் உட்பட பல சாஸ்களில் ஒயின் சேரும். சுண்டிவிட்டாலும் போட்டது போட்டதுதான். கட்டாயம் கேளுங்கள்.

லண்டன்வாசி

லண்டனிலும் சம்பளக்காரர்கள் நல்ல உணவகத்தைப் பார்க்கிற வழி செட் லஞ்ச்தான். 1982ல் பிரிட்டனில் முதன்முதலாக மூன்று மிஷலின் நட்சத்திரம் வாங்கிய லே காவ்ரோஷில், சாப்பாட்டோடு அரை பாட்டில் ஒயின், தண்ணீர், காபி எல்லாம் சேர்த்து ஒரே விலையில் மதியச் சாப்பாடு போட்டார்கள்.  1967ல் தொடங்கிய அந்தக் கடையை 2024 ஜனவரியில் மூடிவிட்டார்கள். நான் ஒரே ஒரு முறைதான் போனேன், இரண்டாம் முறைக்குத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். பிடித்த இடம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே அட்டையில் போடும் விலையில் 20 சதவீத வரி ஏற்கெனவே அடங்கியிருக்கும். சேவைக் கட்டணம் பெரும்பாலும் 12.5 சதவீதம், அது நம் விருப்பம், வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுக்கப் பணியாளர்களுக்கே போகவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதால் நான் மனதாரக் கொடுக்கிறேன். மது விற்கும் இடங்களில் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுத்தே ஆகவேண்டும், அதுவும் சட்டம்.

அடையாறு ஆலமரம்

சென்னையிலிருந்து ஒரு சின்னத் தகவல். இங்கே அறை வாடகை அதிகமான நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் பொதுவாக 18 சதவீத ஜிஎஸ்டி, வெளியே தனியாக இருக்கும் உணவகத்தில் 5 சதவீதம். அட்டை விலை ஒன்றாக இருந்தாலும் பில் வேறாகும். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக்கூடாது என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம்.

தேக்கா இலைச்சோறு

அடுப்படி தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். எட்டு மணி நேரம் சாற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பவனும் நான் சொன்ன குழம்புக் கைக்காரனும் ஒரே இனம்தான். என் மகள் பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த முறை சரி என்று சொல்லியிருக்கிறேன். மதியத்துக்குத்தான்.

ஜூரோங் தம்பி, கரண்டி விஷயத்துக்குக் கவலைப்படாதே. வெளிப்பக்கத்தில் இருப்பதை முதலில் எடு, ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே உள்ளே வந்துகொண்டே இரு. சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து வைத்தால் தட்டை எடுத்துக்கொள்வார்கள். ரொட்டியைக் கையால்தான் பிய்க்கவேண்டும், அது நமக்குத் தெரிந்த வேலை.

ஜூரோங் ஷிஃப்ட்

எல்லாருக்கும் நன்றி. நேற்று வியாழக்கிழமை போய்விட்டு வந்தேன், அதான் மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 42 பிளஸ் பிளஸ் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அறைத்தோழனையும் கூட்டிக்கொண்டு போனேன், அவனுக்கும் நேற்று ஓய்வு. தண்ணீர், கூடுதல் கட்டணம் எல்லாம் பினாங்கு அக்கா சொன்னபடியே கேட்டுக்கொண்டேன். இருவருக்கும் 100 வெள்ளி 72 காசு. வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன், ஒரு காசு மாறவில்லை. அதனால் சாப்பிடும்போது பணத்தைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை, முழு மனதும் தட்டில்தான் இருந்தது.

மாட்டுக்கறி நாங்கள் சாப்பிடுவதில்லை என்று முன்பதிவில் எழுதியிருந்தோம். உட்கார்ந்ததும் அவர்களாகவே வந்து, "உங்களுக்குக் கோழித் தொடை, சரிதானே?" என்று கேட்டார்கள். கோழி நன்றாக இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரே ஒரு கேரட் வைத்திருந்தார்கள். முழுக் கேரட், தலையில் கொஞ்சம் பச்சைத் தண்டோடு, மேலே கண்ணாடி பூசிய மாதிரி பளபளப்பு. கத்தி தானாக இறங்கியது. கேரட்டுக்கு இவ்வளவு ருசி உண்டு என்று முப்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. என் தோழன் அவனுடைய கேரட்டைக் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்து சாப்பிட்டான்.

அடுப்படி அண்ணே, அதை எப்படிச் செய்கிறார்கள்? எங்கள் அறையில் ஒரு அடுப்பும் ஒரு இரும்பு வாணலியும் இருக்கிறது.

அடுப்படி

வாணலி போதும் தம்பி. விரல் தடிமன் கேரட்டாகப் பார்த்து வாங்கு. தோலை மெல்லச் சுரண்டு, சீவாதே. வெண்ணெய் ஒரு கரண்டி, உப்பு, நாலு சீரகம். சிறு தீயில் வைத்து எல்லாப் பக்கமும் லேசாக நிறம் மாறும்வரை உருட்டிக்கொண்டே இரு. அப்புறம் தண்ணீர் ஊற்றாதே, வேறு இரண்டு மூன்று கேரட்டை அரைத்துப் பிழிந்த சாற்றைப் பாதி மூழ்கும் அளவுக்கு ஊற்று. மூடி போடாதே. சாறு சுண்டிப் பாகு பதம் வரும்போது கேரட்டும் வெந்திருக்கும். அந்தக் கடைசி இரண்டு நிமிடம் வாணலியை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் கேரட்டிலிருக்கும் சர்க்கரை அடிப்பிடித்துக் கசந்துவிடும். இறக்கியதும் எலுமிச்சை நாலு சொட்டு.

முதல் தடவை கருகினால் விட்டுவிடாதே. எனக்கும் மூன்றாவது தடவைதான் வந்தது.